பழைய கார் இன்ஜின்: சரிசெய்வதா, மாற்றுவதா? அளந்து பார்த்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"இன்ஜின் போயிடுச்சு, வேற போட்டுடலாம்." பழைய கார் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இதைக் கேட்டே தீருவார்கள். பின்னால் நீலப்புகை, மேடு ஏறும்போது மூச்சுவாங்கல், சூடானதும் படுத்துவிடும் ஆயில் பிரஷர் முள். இவற்றைப் பார்த்தால் அனுபவமுள்ள மெக்கானிக்குக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் "போயிடுச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் பத்துப் பதினைந்து கோளாறுகள் அடங்கிக் கிடக்கின்றன. சில அரை நாள் வேலை. சிலவற்றுக்கு இன்ஜினைக் கீழே இறக்க வேண்டும். சிலிண்டர்கள் அடங்கிய வார்ப்பான பிளாக்கையே கைவிட வேண்டிய நிலை மிகச் சிலவற்றில்தான் வரும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்கும், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டும் தேறுமானால், காரோடு பிறந்த இன்ஜினையே சரிசெய்து ஓட்ட வேண்டும். அவை தேறுமா என்பதை நுண்ணளவுக் கருவியான மைக்ரோமீட்டர்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் யார் சொன்னாலும் அது ஊகம். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குச் செலவு செய்யத் தேவையிருக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.

படி 1: கார் எதற்கு, இன்ஜின் யாருடையது

இந்த காரை எப்படி ஓட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார் என்றால், கொஞ்சம் ஆயில் குடிக்கும் இன்ஜினே இன்னும் பல வருடம் தாங்கும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதே இன்ஜின் போதாது.

அடுத்தது, உள்ளே இருப்பது காரோடு வந்த இன்ஜின்தானா? பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, பதிவு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அந்த வகை பிளாக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வார்ப்பு எண். எண்கள் ஒத்துப்போனால், அந்த பிளாக்கைக் காப்பாற்ற நீங்கள் எடுக்கும் கூடுதல் முயற்சி காரின் மதிப்பில் நிற்கும். ஏற்கெனவே யாரோ மாற்றிய இன்ஜின் என்றால் உங்களுக்குச் சுதந்திரம் அதிகம்.

படி 2: இன்ஜின் மேல் விழும் பொய்ப்பழிகளை நீக்குங்கள்

இழுவை குறைந்தால் தேய்மானம்தான் காரணம் என்று எடுத்ததுமே முடிவுகட்ட வேண்டாம். டைமிங் பிந்தியிருந்தாலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அட்வான்ஸ் எடைகள் துருவில் ஒட்டியிருந்தாலும், கார்புரேட்டருக்கும், சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவே காற்று புகுந்தாலும் இன்ஜின் கிழடு தட்டியதுபோலத்தான் இழுக்கும். வால்வைத் தள்ளித் திறக்கும் டாப்பெட் இடைவெளி இல்லாமல் இறுகினால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அமுக்க அழுத்தம்) விழும். இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டால், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் அழுத்தம் ஏறி, சீல் இருக்கும் இடமெல்லாம் ஆயில் கசியும். பெடலை முழுதாக அழுத்தியும் த்ராட்டில் முக்கால்வாசிதான் திறக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் இன்ஜினை இறக்கியவர்களும் உண்டு.

ஆயில் பிரஷர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டேஷ்போர்டு முள்ளுக்குச் செய்தி அனுப்பும் பழைய மின் சென்டர் யூனிட் பொய் சொல்லலாம். பிரஷர் ரிலீஃப் வால்வில் ஒரு துகள் சிக்கித் திறந்தபடி நின்றாலும் பிரஷர் விழும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கினால் ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே இது தெரிந்துவிடும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த இன்ஜினுக்குரிய தடிமனில் புதிய ஆயில் ஊற்றிய பிறகே எந்தச் சோதனையையும் தொடங்குங்கள்.

பல வருடம் நின்ற காருக்குத் தனி விதி. நின்ற இன்ஜினில், பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங்குகள் அதன் பள்ளத்துக்குள் கசடோடு ஒட்டிக்கொள்ளும், வால்வு அமரும் சீட்டுகளில் துரு பூக்கும். முதல் நாள் எடுக்கும் கம்ப்ரஷன் அளவு பயமுறுத்தும். சிலிண்டர்களுக்குள் மெல்லிய ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் ஆயில் மாற்றி ஓடவிடுங்கள். சத்தமும் பிரஷரும் சரியாக இருந்தால் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண்கள் எவ்வளவு மாறிவிடுகின்றன என்பது நேரில் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

படி 3: புகையையும் சத்தத்தையும் சரியாகப் படிப்பது

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால், இரவெல்லாம் வால்வு சீல், கைடு (வால்வுத் தண்டு நழுவும் குழல்) வழியாகச் சொட்டிய ஆயில் அது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது பின்னால் மேகம் எழுந்தால் வால்வு கைடைச் சந்தேகப்படுங்கள். த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் கைடு வழியாக ஆயிலை உறிஞ்சிவிடுகிறது. பாரத்தோடு இழுக்கும்போதெல்லாம் தொடர்ந்து புகைத்து, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்றும் வந்தால், ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன.

இந்த வேறுபாட்டை நான் ஒருமுறை கவனிக்காமல் விட்டேன். இறக்கத்தில் மட்டும் புகைத்த நான்கு சிலிண்டர் இன்ஜினைப் பிரித்து ரிங் போட்டோம். வேலையெல்லாம் முடிந்து முதல் இறக்கத்தில் இறங்கி மிதித்தபோது கண்ணாடியில் அதே புகை. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றிக் கைடு மாற்றியிருந்தால் போதும் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கறுப்புப் புகைக்கு பெட்ரோல் அதிகம் போவதே காரணம், அதைக் கார்புரேட்டரில் சரிசெய்துவிடலாம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ விரிசலையோ தேட வேண்டும்.

சத்தத்துக்கு வருவோம். குளிர்ந்த இன்ஜினில் களிமண் பானையைத் தட்டுவதுபோல் கேட்டு, சூடானதும் அடங்குவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம். அது பல வருடம் அப்படியே ஓடும், அவசரமில்லை. சூடான பிறகு கூடிக்கொண்டே போகும் கனமான 'டக் டக்', பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குடையது. காப்புறை உள்ள கருவியால் ஒவ்வொரு பிளக் வயராக எர்த் செய்து பாருங்கள். ஒரு சிலிண்டரின் தீப்பொறியை நிறுத்தியதும் சத்தம் குறைந்தால், அந்த ராடுதான். இந்தச் சத்தம் உறுதியானால் காரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். இதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கிராங்கைத் தின்னும், முற்றினால் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இன்று சரிசெய்யக்கூடிய இன்ஜின் நாளை மாற்ற வேண்டிய இன்ஜினாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆழத்திலிருந்து, பாரம் ஏறும்போது வரும் உறுமல், கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கின் அடையாளம். முன்பக்கம் கலகலவென்றால் டைமிங் செயின். தளர்ந்த பிளைவீல் போல்ட்டும் கிராங்க் புல்லியும் ராடு தட்டுவதுபோலவே ஏமாற்றும் என்பதால் அவற்றை முறுக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படி 4: இன்ஜினைத் திறக்காமலே எடுக்கும் அளவுகள்

ஆயில் பிரஷர். சென்டர் யூனிட்டைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு (நிமிடச் சுழற்சிகள்) 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) என்பது பரவலாகச் சொல்லப்படும் கைக்கணக்கு. ஆனால் உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. ஜாகுவாரின் எக்ஸ்கே இன்ஜினுக்கு 3,000 ஆர்பிஎம்மில், சூட்டில், 40 பிஎஸ்ஐ வேண்டும். 1953க்கு முந்தைய செவ்ரோலெட் ஆறு சிலிண்டர் இன்ஜின்களோ ராடுகளுக்கு ஆயிலை வாரியடிக்கும் முறையில் ஓடியவை. அவற்றில் 15 பிஎஸ்ஐயை ஒட்டிய அளவே இயல்பு. இது தெரியாமல் நல்ல இன்ஜினைக் கழித்துவிடக்கூடாது.

கம்ப்ரஷன். பலர் இதை அரைகுறையாகச் செய்து தவறான எண்ணோடு முடிவெடுக்கிறார்கள். முறை இதுதான்:

1. டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்து, இன்ஜினைச் சூடாக்குங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும்.
2. எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். இக்னிஷன் காயிலின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.
3. த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடியுங்கள். மூடியிருந்தால் எண் பொய்யாகக் குறையும்.
4. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவாக, ஐந்தாறு அமுக்கம் வரும்வரை செல்ஃப் அடியுங்கள். முதல் அமுக்கத்தின் எண்ணையும் கடைசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.
5. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள்.

8:1, 9:1 அளவில் கம்ப்ரஷன் ரேஷியோ உள்ள இன்ஜின்களில் 130 முதல் 170 பிஎஸ்ஐ வரை எதிர்பார்க்கலாம். ஃபோர்டு மாடல் ஏ-யின் ரேஷியோ 4.22:1 மட்டுமே. அதில் போய் 150ஐத் தேடக்கூடாது. எண்ணின் உயரத்தைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் அதிகம் பேசும். மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் அங்கே கோளாறு இருக்கிறது. ஆயில் விட்டதும் எண் நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும்.

லீக்-டவுன். எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். இன்ஜின் வாயைத் திறந்து தன் நோயைத் தானே சொல்வதுபோல இருக்கும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு சதவீதம் கசிகிறது என்று கேஜில் பார்க்க வேண்டும். காரை கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்திருங்கள், இல்லாவிட்டால் காற்று கிராங்கைச் சுற்றிவிடும். 10 சதவீதத்துக்குள் என்றால் ஆரோக்கியம். 20 வரை ஓட்டலாம். 30ஐத் தாண்டினால் காதைக் கொடுத்துத் தேடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடித் துளையில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல்.

மேனிஃபோல்டில் வேக்யூம் கேஜும் மாட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரச அளவு) முள் அசையாமல் நின்றால் நல்லது. சீராகத் துடித்தால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை.

இந்த நான்கும் நன்றாக இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. காரை ஓட்டுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.

படி 5: கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் பெட்டிகளில் போட்ட இன்ஜின்கள் பல, மறுபடி இன்ஜினாகவே ஆனதில்லை. எனவே நிலைநிலையாகத் திறங்கள். முதலில் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பூச்சு இயல்பு. மினுமினுக்கும் செதில்கள் பேரிங் உலோகம். காந்தத்தில் ஒட்டும் துகள்கள், வால்வுகளை இயக்கும் கேம், டாப்பெட், ரிங் பக்கத்திலிருந்து வருபவை.

சம்ப்பை இறக்க முடிந்தால், ஒரு ராடு கேப்பையும் ஒரு மெயின் கேப்பையும் மட்டும் கழற்றி, உள்ளே இருக்கும் பேரிங் தகடான ஷெல்லைப் பாருங்கள். ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம் நல்லது. செம்பு தெரிந்தால் ஷெல்லின் ஆயுள் முடிந்துவிட்டது. விரல் நகத்தை, ஷெல்லுக்குள் சுழலும் கிராங்க் பகுதியான ஜர்னலில் ஓட்டினால் கீறல் தட்டுப்படுகிறதா? பட்டால் கிராங்கைச் சாணை பிடிக்க வேண்டும். கேப்புகளை அதனதன் இடத்தில், அதே திசையில் திரும்பப் போடுவதற்கு முதலிலேயே குறியிட்டு வையுங்கள்.

கிராங்க் முன்பின்னாக நகர்கிறதா என்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஒருவர் கிளட்சை அழுத்த, மற்றவர் முன் புல்லியைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தால், அந்த நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. பழைய டிரையம்ஃப் இன்ஜின்களில் அந்த வாஷர் தேய்ந்து சம்ப்புக்குள் விழுந்து, கிராங்க் பிளாக்கையே அரைப்பது நடக்கும். சில நிமிடச் சோதனை ஒரு பிளாக்கைக் காப்பாற்றும்.

அப்புறம் ஹெட். கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் வைத்துத் தடவுங்கள். ரிங் எட்டாத மேல் பகுதி தேயாமல் ஒரு வரப்பாக நிற்கும். வரப்பு விரலுக்கு எவ்வளவு தட்டுப்படுகிறதோ அவ்வளவு தேய்மானம்.

படி 6: எண்கள் பேசும் இடம்

அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் 'தௌ' என்பார்கள். பழைய கார்களின் பாகங்கள் பெரும்பாலும் இந்த அளவிலேயே வருவதால் இதைப் பழகிக்கொள்ளுங்கள். 1 தௌ என்பது ஏறக்குறைய 0.025 மில்லிமீட்டர்.

போர் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்திலும், நீளவாக்கிலும் குறுக்கிலுமாக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். சிலிண்டர் தேய்வது நேராக அல்ல. எரிப்பு அழுத்தமும் சூடும் அதிகம், ஆயில் குறைவு என்பதால் ரிங் ஏறி நிற்கும் உச்சியில்தான் அதிகம் தேயும். மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்தால் வருவது டேப்பர். 5 தௌவுக்குள் என்றால் ஹோன் செய்து (சுவரை லேசாக உரசி) ரிங் மட்டும் போடலாம். 10 தௌவைத் தொட்டால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர்தான். இடைப்பட்டது காரின் பயன்பாட்டைப் பொறுத்தது.

10 தௌ என்பது தலைமுடி அளவு சமாச்சாரம்போலத் தெரியும். ஆனால் விட்டம் 10 தௌ மாறினால் சுற்றளவு 31 தௌவுக்கு மேல் மாறும். அதாவது ரிங்கின் வாய் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் 0.8 மில்லிமீட்டர் விரிந்து சுருங்க வேண்டும். 3,000 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 50 முறை. எந்தப் புது ரிங்கும் அந்தச் சுவரில் நிலைத்து உட்காராது.

கிராங்க் ஜர்னல்களை மைக்ரோமீட்டரால் அளந்து, வட்டம் கெட்டிருக்கிறதா பாருங்கள். பேரிங் இடைவெளிக்கு பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூல் போதும். ஜர்னல் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 1 தௌ இடைவெளி என்பது பழைய கைக்கணக்கு. 2 அங்குல ஜர்னலுக்கு 2 தௌ இருந்தால் நலம்.

அடுத்தது விரிசல் சோதனை. இரும்பு பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் காந்தத்தூள் முறை, அலுமினியத்துக்குச் சாய முறை. 1932 முதல் 1953 வரை வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 பிளாக்குகளில் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் இருப்பது மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட இன்ஜினில் இந்தச் சோதனைக்கு முன் ஒரு பிஸ்டன்கூட வாங்காதீர்கள்.

படி 7: எது பிழைக்கும், எது பிழைக்காது

சிலிண்டர் தேய்ந்ததால் பிளாக் வீணாகிவிடாது. 20, 30, 40, சிலவற்றில் 60 தௌ வரை பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம். ஏற்கெனவே கடைசி அளவுக்குப் போயிருந்தால் உள்ளே புது உறையான ஸ்லீவ் அடித்து மூல அளவுக்கே திரும்பலாம். டிரையம்ஃப் டிஆர்2, சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான் போன்றவை வெட் லைனர் வகை, அதாவது தண்ணீர் சூழ்ந்த தனிக் குழல்களே சிலிண்டர்கள். அவற்றில் லைனரையே உருவிப் புதிது போட்டுவிடலாம், ரீபோர் என்ற பேச்சே இல்லை. கிராங்கை 10, 20, 30 தௌ என்று சாணை பிடிக்கலாம். வார்ப்பிரும்பு விரிசலைச் சூடுபடுத்தாமல் உலோகத் தையல் போட்டு மூட முடியும். நல்ல கைவினைஞர் தைத்த பிளாக் இன்னொரு ஆயுள் ஓடும்.

மாடல் ஏ போன்ற மிகப் பழைய இன்ஜின்களில் பேரிங் என்பது ஷெல்லே அல்ல. உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகம். அதை ஊற்றிக் கடைந்து தரத் தெரிந்தவர் உங்களுக்கு எட்டுவாரா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

ஹெட்டில் கைடு, வால்வு, சீட் எல்லாம் மாற்றக்கூடியவை. ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் பங்கில் கிடையாது. கடைசியாக விற்ற அல்ஜீரியாவும் 2021 ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்த ஈயம் மென்மையான சீட்டுகளுக்கு மெத்தைபோல இருந்தது. எனவே எப்படியும் ஹெட்டைக் கழற்றியாயிற்று என்றால், எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட் வளையங்கள் போட்டுவிடுங்கள்.

இனி பிழைக்காதவை. ராடு துளைத்து, மெயின் பேரிங் சுவரையும் சேர்த்து உடைத்த பிளாக். பல இடங்களில் அரித்து, அல்ட்ராசோனிக் அளவில் சிலிண்டர் சுவர் மெலிந்துபோன பிளாக். கடைசி அளவுக்குச் சாணை பிடித்தும் தேறாத, மாற்றுக் கிடைக்காத கிராங்க். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் மெக்னீசியம் கேஸ் மிதமிஞ்சிச் சூடாகி, பேரிங் இருக்கைகள் ஏற்கெனவே பலமுறை கடையப்பட்டிருந்தால் அதுவும் இந்த வகைதான். அதிர்ஷ்டவசமாக அந்த காருக்குப் புது கேஸே கிடைக்கிறது.

படி 8: பாதி வேலை செய்வதில் உள்ள ஆபத்து

வரப்பை எடுக்காமல் புது ரிங் போட்டால், கூர்மையான புது ரிங்கின் முனை வரப்பில் மோதி ரிங்கோ பிஸ்டனின் ரிங் பள்ளமோ உடையும். முட்டை வடிவமான ஜர்னலில் புது ஷெல் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் சத்தம் திரும்பும். கீழ்ப்பகுதி தளர்ந்த இன்ஜினில் ஹெட்டை மட்டும் புதிதாக்கினால், மேலே நன்றாக அடைபட்ட அழுத்தம் தேய்ந்த ரிங் வழியாக வெளியேறப் பார்க்கும், ஆயில் குடிப்பது கூடலாம். ஹெட் வேலை மட்டும் போதும் என்று முடிவெடுக்க, லீக்-டவுனில் ரிங் பக்கம் சுத்தமாக இருந்திருக்க வேண்டும்.

படி 9: மாற்றுவதென்றால், எதை வைத்து

மாற்று என்பது ஒன்றல்ல. பிளாக், கிராங்க், பிஸ்டன் வரை சேர்த்துக் கட்டிய ஹாஃப் இன்ஜின். ஹெட்டோடு முழுதாக வரும் ரீகண்டிஷன் இன்ஜின். உடைத்த காரிலிருந்து எடுத்த பழைய இன்ஜின். அதே குடும்பத்தின் பிற்கால மாதிரி. முற்றிலும் வேறு இன்ஜின்.

உடைத்த காரிலிருந்து வரும் இன்ஜின் மலிவாகத் தெரியும். அதற்கும் படி 4ல் சொன்ன சோதனைகள் எல்லாம் வேண்டும். அவற்றைச் செய்ய விடாதவரிடம் வாங்காதீர்கள். ஒரு தேய்ந்த இன்ஜினைக் கொடுத்து இன்னொரு தேய்ந்த இன்ஜினை வாங்குவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய இழப்பு. ரீகண்டிஷன் என்றால் என்னென்ன அளவு, எந்தெந்தப் பாகம் புதிது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் மூல பிளாக்கைப் பதிலுக்குக் கேட்டால், கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். போனால் அந்த எண் திரும்பாது.

ஒரே குடும்பம் என்பதால் அப்படியே உட்கார்ந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். எம்ஜிபி-யின் 1,798 சிசி இன்ஜினுக்கு 1964 வரை மூன்று மெயின் பேரிங், அதன்பிறகு ஐந்து. செவ்ரோலெட் ஸ்மால் பிளாக்கில் 1986ல் பின் சீல் ஒரே வளையமாக மாறியது, பிளைவீலும் அதோடு மாறியது. மவுண்ட், பெல் ஹவுசிங், சம்ப்பின் வடிவம், டிப்ஸ்டிக் இடம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே காசு கொடுங்கள்.

வேறு வகை இன்ஜின் போட்டால் வேலை இன்ஜினோடு நிற்காது. கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், பிரேக், எடைப் பங்கீடு எல்லாம் தொடர்ந்து வரும். இன்ஜின் எண் மாறினால் பதிவு ஆவணத்திலும் மாற்ற வேண்டியிருக்கும். மின் மோட்டார் போடுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, அப்படி மாற்றியதை வரலாற்று வாகனமாக ஏற்பதில்லை. மூல பாகங்களைப் பத்திரப்படுத்தித் திரும்ப மாற்றக்கூடியபடி செய்யச் சொல்கிறது. எனக்கும் அதில் உடன்பாடே.

படி 10: கணக்குப் போட்டு முடிவெடுப்பது

இரண்டு தாள்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சரிசெய்யும் செலவு: ரீபோர், பிஸ்டன், ரிங், கிராங்க் சாணை, ஷெல், ஹெட் வேலை, ஆயில் பம்ப், டைமிங் செயின், கேஸ்கெட் செட், விரிசல் சோதனை. இன்னொன்றில் மாற்றும் செலவு: இன்ஜின், கொண்டுவரும் செலவு, பொருந்தாத பாகங்கள், ஆவண மாற்றம், அந்த இன்ஜினுக்கே தேவைப்படும் கேஸ்கெட், சீல், பம்ப். இன்ஜின் வெளியே வந்தால் எப்படியும் செய்ய வேண்டிய கிளட்ச், பின் சீல், மவுண்ட் ஆகியவற்றை இரண்டிலுமே எழுதுங்கள். பலர் முதல் தாளில் மட்டும் எழுதிவிட்டு, சரிசெய்வது விலை அதிகம் என்று முடிவு செய்கிறார்கள். நான் இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்காகச் சேர்த்துக்கொள்வேன்.

பிளாக்கும் கிராங்கும் தேறி, பிஸ்டனும் ஷெல்லும் தேவையான அளவில் கிடைத்து, நம்பகமான மெஷின் ஷாப்பும் இருந்தால் சரிசெய்யுங்கள். மாற்றுவது கொஞ்சம் மலிவு என்றாலும் சரிசெய்யுங்கள். உங்கள் இன்ஜினின் உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்கு ஒரு விலை உண்டு. பிளாக் தேறாமல், அதற்கு அரிய மதிப்பும் இல்லையென்றால் மாற்றுங்கள். உள்ளே இருப்பதே வேறு காரின் இன்ஜின் என்றால், சரியான வகைக்குத் திரும்ப இது நல்ல சந்தர்ப்பம். பிளாக் அரியது, பணம் இப்போது இல்லை என்றால் மூன்றாவது வழி இருக்கிறது. அதே வகை இன்ஜின் ஒன்றைப் போட்டு ஓட்டிக்கொண்டே, மூல இன்ஜினை நிதானமாகச் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், அவசரத்தில் யாரும் தவறு செய்ய வேண்டியிராது.

படி 11: முடிவுக்குப் பிறகு

சரிசெய்வதென்றால், பிஸ்டன்கள் கைக்கு வந்த பிறகே போர் செய்யக் கொடுங்கள். பெட்டியில் எழுதிய அளவை நம்பாமல், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்ப அந்தச் சிலிண்டரைக் கடைய வேண்டும். ஷெல் கிடைக்கும் அளவு தெரியாமல் கிராங்கில் சாணைக் கல்லை வைக்க விடாதீர்கள். பழைய கேமையே திரும்பப் போட்டால், ஒவ்வொரு டாப்பெட்டும் தான் முன்பு உட்கார்ந்த அதே கேம் முனைக்கே போக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள். புது ஃபிளாட் டாப்பெட் கேம் என்றால் முதல் இருபது நிமிடம் ஐட்லிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேலேயே வைத்திருங்கள். அந்த வேகத்தில்தான் கேமின் மேல் போதிய ஆயில் தெறிக்கும். இந்தக் கேம்களுக்கு ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் போதுமான அளவு வேண்டும். புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க, பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நிற்கும். ஃபிளாட் டாப்பெட்டுக்கு 1,000க்கு மேல் இருக்கும் ஆயிலைத் தேடுங்கள்.

மாற்றுவதென்றால், கழற்றிய மூல இன்ஜினைத் தூக்கி எறியாதீர்கள். சிலிண்டர்களில் ஆயில் விட்டுச் சுற்றி, தண்ணீரை முழுதாக வடித்து, எல்லாத் துளைகளையும் அடைத்து, தரையில் படாமல் மரச்சட்டத்தில் நிறுத்துங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கையால் அரைச்சுற்று சுற்றிவிடுங்கள். படி 6ல் எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, பிளாக்கிலேயே கட்டி வையுங்கள். பத்து வருடம் கழித்து அதைத் திறப்பவர் நீங்களாக இருந்தாலும், உங்களிடமிருந்து காரை வாங்கியவராக இருந்தாலும், முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.